அறுநூற்று நாற்பது ரூபாய் டர்பன்டாயில்

பாட்டில் வந்த அன்று அப்பாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். பதினைந்து மில்லி. அடர்பழுப்புக் கண்ணாடி, சொட்டு மூடி, லேபிளில் பனி மூடிய மலையும் ஒரு பைன் கிளையும். ‘தூய இமாலய பைன் ரெசின் எசென்ஷியல் ஆயில்’. விலை 640 ரூபாய். மூக்கடைப்பு, மூட்டுவலி, மனச்சோர்வு, தூக்கமின்மை என்று பின்பக்கம் ஒரு பட்டியல். நான் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஏதோ பொக்கிஷத்தைக் காட்டுவதுபோல அவரிடம் நீட்டினேன்.

அப்பா மூடியைக்கூட மூக்கருகே கொண்டுபோகவில்லை. ஒரு முழத் தூரத்திலேயே சொல்லிவிட்டார். “இது டர்பன்டாயில்லடா.”

“இல்லப்பா, இது அரோமாதெரபிக்கு…”

“என்ன தெரபியோ. நா நாப்பது வருசம் இதுல பிரஷ் கழுவிருக்கேன். இதுக்கா அறுநூத்தி நாப்பது ரூவா குடுத்த?”

அப்பா விருதுநகர்ப் பக்கம் போர்டு எழுதுகிறவர். தீப்பெட்டி ஆபீஸ், ரைஸ் மில், ஜவுளிக்கடை, தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிச் சுவரும். ஃபிளெக்ஸ் வந்து தொழிலைத் தின்னும்வரை எழுதினார். எனாமல் பெயிண்டை இளக்க, பிரஷ்ஷைக் கழுவ, சட்டையில் பட்ட கறையை எடுக்க, எல்லாவற்றுக்கும் டர்பன்டாயில்தான். என் பாட்டிக்கு அதுவே கற்பூரத் தைலம். நல்லெண்ணெயில் கொஞ்சம் ஊற்றி முழங்காலில் தேய்த்துக்கொண்டு, அந்த நெடியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். ஒரே சாமான்தான். அப்பாவின் டின்னில் இருந்தால் பெயிண்டர் சமாச்சாரம், பாட்டியின் கிண்ணத்துக்குப் போனால் மருந்து.

அப்பா சொன்னது சரிதான் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாளானது. பைன் மரத்தின் பட்டையைக் கீறினால் பிசுபிசுவென்று ஒரு பால் வடியும். அதை வாலையில், அதாவது ஆவியைக் குளிரவைத்து வடிக்கும் பாத்திரத்தில் காய்ச்சினால் ஆவியாகிக் குளிர்ந்து வருகிற தைலம் டர்பென்டைன். அடியில் தங்குகிற கண்ணாடி போன்ற மஞ்சள் கட்டி ரோசின். நூறு கிலோ பாலில் தைலம் இருபது கிலோவைத் தாண்டுவது அபூர்வம், எழுபது கிலோவுக்கு மேல் ரோசின்தான். வயலின் வித்வான்கள் வில்லில் தேய்த்துக்கொள்கிறார்களே, ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் வைக்கும்போது புகைகிறதே, அது இந்த ரோசின். தைலத்தின் கதை வேறு. வாலையில் இறக்கிய நறுமண எண்ணெய்தான் எசென்ஷியல் ஆயில் என்றால், பைன் பிசினின் எசென்ஷியல் ஆயில் டர்பென்டைனேதான். பைன் ஊசியிலையை வாலையிலிட்டு எடுக்கிற எண்ணெயும் கடையில் கிடைக்கிறது. அது வேறு சரக்கு, வாசனையும் மென்மை. என் பாட்டிலில் ‘ரெசின்’ என்று தெளிவாகப் போட்டிருந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை. தெரிந்த பெயரைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான்.

நம்மில் பலருக்கு மரப்பிசின் என்றதும் சாம்பிராணியும் குங்கிலியமும் நினைவுக்கு வரும். இரண்டும் ஊசியிலை மரத்தில் வருபவை அல்ல. சாம்பிராணி ஸ்டைராக்ஸ் மரத்தின் பிசின், சுமத்ராப் பக்கத்திலிருந்து வருவது. குங்கிலியம் சால் மரத்துடையது. தென்னிந்தியக் காடுகளில் இயல்பாக வளரும் ஊசியிலை வகை மரம் ஒன்றே ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் நிறம்பாலி. வேடிக்கை என்னவென்றால் அதன் இலை ஊசியாகவும் இருக்காது, மூங்கிலிலைபோல அகலமாக இருக்கும். கொடைக்கானலில் சினிமாக்காரர்கள் பாட்டெடுக்கும் பைன் காடு வெள்ளைக்காரர்கள் காலத்தில் நட்டது. ஆகவே இந்தத் தைலத்தின் ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே போகவேண்டும்.

நான் போனது அதைப் பார்க்க அல்ல. 2016 அக்டோபரில் ஒரு பள்ளிக்கூட வேலையாக உத்தரகாண்டின் குமாவூன் மலைப்பகுதியில், அல்மோராவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று வாரம் தங்கினேன். பஸ் மலையேறும்போதே ஒருவிதமான மரம் மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே வந்தது. நெடுநெடுவென்று நேராக, பட்டை முதலைத் தோல்போல வெடித்து, இலைகள் மூன்று மூன்றாகக் கட்டுப்போட்ட நீள ஊசிகளாக. சீட் பைன். குமாவூனில் சீட், இமாச்சலத்தில் சீல் என்கிறார்கள். சமஸ்கிருதத்தில் சரளம். இமயத்தைப் பாடும்போது காளிதாசன், யானைகள் கன்னத் தினவுக்கு இந்த மரத்தில் உரச, வடிந்த பாலின் மணம் மலைச்சரிவையே நிறைப்பதாகச் சொல்கிறான். யானையை நான் பார்க்கவில்லை. மணம் இருந்தது. வெயில் ஏறிய பத்து மணிக்கு ஒரு வளைவில் இறங்கி நின்றபோது, அப்பாவின் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தது மாதிரி இருந்தது.

அந்த வளைவிலேயே பால் எடுக்கும் மரங்கள் இருந்தன. இடுப்புயரத்தில் ஓரடி அகலத்துக்குப் பட்டையைச் சீவி மொழுமொழுவென்று ஆக்கியிருந்தார்கள். அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஆங்கில ‘வி’ வடிவக் கீறல்கள். கீழே ஆணியடித்த ஒரு தகர வழிப்பு, அதன் அடியில் கூம்பு டப்பா. டப்பாவில் பால் கெட்டித் தேன்போலத் தேங்கி, மேலே ஆடை படிந்து, இரண்டு ஈயும் ஒரு காய்ந்த ஊசியும் மாட்டிக்கிடந்தன. விரல் வைத்தேன். அன்று முழுக்க அந்த விரல் எதைத் தொட்டாலும் ஒட்டியது. சோப்புக்கு மசியவில்லை. கடைசியில் கடுகெண்ணெய் தேய்த்துத்தான் போயிற்று.

அந்தப் பாலுக்கு அங்கே லீசா என்று பெயர். மார்ச்சிலிருந்து நவம்பர்வரை எடுப்பார்கள், குளிரில் ஓடாது. சில நாளுக்கொருமுறை வந்து பழைய கீறலுக்கு மேலே புதுக் கீறல் போட்டு, நீர்த்த அமிலத்தைத் தெளித்துவிட்டுப் போவார்கள். அமிலம் பட்டால் மரத்துக்குள் பால் வரும் குழாய் அடைபடாமல் கூடுதல் நேரம் வடியுமாம். மரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது ஒரு புண். காயம் பட்ட இடத்தை அடைக்கத்தான் அது பாலை அனுப்புகிறது. தைலம் காற்றில் பறந்துவிட, ரோசின் இறுகிப் பொருக்காகிறது. பூச்சியும் பூஞ்சையும் உள்ளே போகமுடியாது. மரம் தனக்குப் போட்டுக்கொள்ளும் கட்டை நாம் அவிழ்த்து அவிழ்த்து எடுக்கிறோம்.

நான் தங்கிய வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அங்கே பாட்டியை ஆமா என்பார்கள். குளிர் ஆரம்பித்ததும் ஆமாவின் குதிகால் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஒரு மாலை அடுப்படியில் இரும்புக் கரண்டியில் கொஞ்சம் கடுகெண்ணெய், சுண்டைக்காயளவு தேன்மெழுகு, அதே அளவு லீசா போட்டுக் கணப்பில் காட்டினார். நுரைத்து இளகியதும் இறக்கி, விரல் பொறுக்கும் சூடு வந்தபின் வெடிப்புக்குள் அடைத்துக்கொண்டார். மேலே பழைய காலுறை. மூன்று இரவில் வெடிப்பு மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். முள் குத்தி உள்ளே தங்கினாலும், கட்டி பழுக்காமல் இழுத்தடித்தாலும் இதையே வெறுமனே வைத்துக் கட்டுவாராம். அடுப்பு மூட்டவும் லீசாதான், வேறு ரூபத்தில். பால் ஊறிய மரத்தின் வைரத்தை விரல் கனத்துக்குச் சீவி வைத்திருப்பார்கள், பெயர் சிலுக். ஒரு குச்சி போதும், மழையில் நனைந்த விறகும் பிடித்துக்கொள்ளும். கரண்ட் வராத காலத்தில் அதுவே தீப்பந்தம்.

மரத்தைப் பற்றி மட்டும் ஆமாவுக்கு நல்ல வார்த்தை இல்லை. சீட் இருக்கும் இடத்தில் புல் வராது, ஊற்று வற்றும், உதிர்ந்த ஊசியான பிரூலில் மாடு வழுக்கி விழும், வேனிலில் அதுவே எரியும். பாஞ்ஜ் என்கிற கருவாலி மரம்தான் மரம் என்றார். லீசா எடுக்கக் கீறிய இடத்தில் தரைத்தீ தொட்டால் மரமே பந்தமாகிவிடும். இந்தக் கோபம் புதிதுமல்ல. வெள்ளைக்காரன் காட்டை வளைத்து, விறகுக்கும் புல்லுக்கும் கட்டுப்பாடு போட்டு, அதே காட்டில் ரோசினும் டர்பென்டைனும் எடுக்க ஆரம்பித்தான். 1921 ஜனவரியில் பாகேஷ்வரில் உத்தராயணித் திருவிழாவின்போது ஜனங்கள், அரசாங்கம் கூலியில்லாமல் கட்டாயமாக வாங்கிய வெட்டிவேலையின் பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தார்கள். அந்த வேனிலில் குமாவூனின் சீட் காடுகள் பற்றியெரிந்தன. பலவும் வேண்டுமென்றே வைத்த தீ. சுதந்திரத்துக்கு அப்புறமும் மலைக்காரனுக்குப் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. பால் லாரியேறி பரேலி ஆலைகளுக்கு இறங்கியது. கோபேஷ்வரில் காந்தியவாதி சண்டிபிரசாத் பட்டும் நண்பர்களும் சின்னதாக ஒரு ரோசின், டர்பென்டைன் ஆலை வைத்தபோது, அவர்களுக்குக் கச்சாப் பால் குறைவாகவும் கூடுதல் விலையிலும்தான் கிடைத்தது. 1973-இல் மரங்களைக் கட்டிப்பிடித்துக் காக்கும் சிப்கோ இயக்கம் கிளம்பியதற்கு முன்னால் சேர்ந்திருந்த பல மனக்குறைகளில் இதுவும் ஒன்று. என் பாட்டில் லேபிளில் பனி மலைக்கு மட்டுமே இடமிருந்தது.

சரி, அந்தப் பாட்டில் என் கழுத்தைப் பதம்பார்த்த கதைக்கு வருகிறேன்.

பாட்டில் வந்த புதிதில் நானும் நன்றாகத்தான் பயன்படுத்தினேன். வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடித்தால் மூக்கு திறந்ததுபோல இருந்தது. முழங்காலில் தேங்காயெண்ணெயோடு தேய்த்தேன், இதமாக இருந்தது. பாதி தீர்ந்ததும் மறந்துபோய், மூடி சரியாக இறுக்காமல் குளியலறை ஜன்னலில் எட்டு மாதம் கிடந்தது. அப்புறம் ஒரு ஜனவரியில் சளி. சோம்பல்பட்டு எண்ணெயெல்லாம் கலக்காமல் நேராகவே கழுத்திலும் நெஞ்சிலும் தடவிக்கொண்டு படுத்தேன். விடிகாலையில் எரிச்சல். மறுநாள் கழுத்து முழுக்கச் சிவந்து, அடுத்த நாள் சிறு சிறு கொப்புளம், நீர், தாங்கமுடியாத அரிப்பு. பத்து நாள் காலர் வைத்த சட்டை போட முடியவில்லை. தோல் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: “என்ன தடவினீங்க?” பெயரைச் சொன்னேன். “பெயிண்டரா நீங்க?” என்றார்.

அந்தக் கேள்வியால்தான் தேடினேன். தேடியதில் ஒரு சென்னைக்காரர் கிடைத்தார். அதாவது சென்னையில் வேலை பார்த்த வெள்ளைக்காரர். ஜான் லயனல் சைமன்சன். 1910-இல் மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜில் வேதியியல் பேராசிரியராக வந்தவர். லக்னோவிலிருந்த மக்மகனோடு சேர்ந்து இந்திய அறிவியல் மாநாடு என்ற அமைப்புக்கு வித்திட்டவர், முதல் கூட்டம் 1914-இல் கல்கத்தாவில். பிறகு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய் நம் நாட்டுத் தைலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அப்படித்தான் சீட் டர்பென்டைனுக்குள் ஒளிந்திருந்த கேரீன் என்கிற சரக்கைக் கண்டெடுத்தார். லாங்கிஃபோலீன் என்ற இன்னொன்றும் அவர் கைக்கு வந்தது. சீட் மரத்தின் பழைய லத்தீன் பெயர் பைனஸ் லாங்கிஃபோலியா, அந்தப் பெயர்தான் இதற்கும் ஒட்டியது.

மற்ற நாட்டு டர்பென்டைன்கள் பலவற்றில் பைனீன் என்கிற இன்னொரு சரக்குதான் தூக்கலாக இருக்கும். நம் சீட் தைலத்தில் கேரீன் அதிகம், ஏறக்குறைய பாதி. கேரீனின் குணம் காற்றுப்பட்டால் கெட்டுப்போவது. ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடு ஆகும். அது தோலுக்குப் பகை. வட ஐரோப்பாவில், கேரீன் மிகுந்த சுவீடன், பின்லாந்துத் தைலத்தைப் புழங்கிய பெயிண்டர்களுக்குக் கை வெடித்து நீர் கோத்துக்கொண்டதை வைத்தே போன நூற்றாண்டின் நடுவில் இதைக் கண்டுபிடித்தார்கள். புதுத் தைலம் அவ்வளவு செய்யாது, வாய் திறந்து கிடந்த பழையது செய்யும். எட்டு மாதம் ஜன்னலில் நான் வைத்திருந்தது அதுதான்.

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “உங்க விரலிடுக்குல எப்பவும் அரிச்சுக்கிட்டே இருக்குமே, பெயிண்ட் அலர்ஜின்னு சொல்வீங்களே…” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “டின்னு மூடி தொலைஞ்சு போயிரும். துணிய வச்சு அடைச்சிருப்பேன்,” என்றார்.

அதனால் இது விஷம், தொடாதே என்று சொல்லிவிட முடியுமா? முடியாது, ஏனென்றால் நாம் எல்லோரும் தினமும் தொட்டுக்கொண்டிருக்கிறோம். வீட்டிலிருக்கும் விக்ஸ் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், கற்பூரம், மெந்தால், யூக்கலிப்டஸ் வரிசையில் டர்பென்டைன் எண்ணெயும் இருக்கும். காது அழுக்கை இளக்க விடும் சொட்டு மருந்துகளில் இருக்கிறது. சுளுக்குக்குத் தேய்க்கும் டர்பென்டைன் லினிமென்ட் மருந்துக் கடைகளில் விற்றது. மாட்டுப் புண்ணில் புழு வைத்துவிட்டால் கால்நடை டாக்டர் டர்பென்டைன் நனைத்த துணியைத் திணிப்பார், உள்ளே இருக்கும் புழுவெல்லாம் மூச்சு முட்டி வெளியே நெளிந்து வரும். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு காளையின் கொம்படியில் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐரோப்பாவில் ஒருகாலத்தில் குடிக்கவே கொடுத்திருக்கிறார்கள். குடித்தவர்களின் சிறுநீர் வயலட் பூப்போல மணக்குமாம். மருத்துவ நூல்களில் பதிவான விஷயம்தான் இது. யாரும் முயற்சி செய்து பார்க்கவேண்டாம். சிறுநீரகம் கெடும். நுரையீரலுக்குள் போனால் ரசாயன நிமோனியா. சின்னக் குழந்தைக்கு 15 மில்லியே உயிருக்கு ஆபத்து. அதாவது என் பாட்டில் முழுசும்.

அரோமாதெரபி என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் கட்ஃபோசே 1937-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதில் எனக்கு விரோதம் கிடையாது. பைன் வாசனையில் மூச்சு இழுத்தால் மனம் லேசாவது எனக்கே தெரிந்த அனுபவம். ஜப்பானில் 1982-இலிருந்து காட்டுக்குளியல் என்று பெயர் வைத்து அரசாங்கமே ஜனங்களை மரத்தடிக்கு அனுப்புகிறது, அங்கே காற்றில் இருப்பதும் பைனீன் வகையறாதான். தேய்த்த இடம் சூடேறி, கொஞ்ச நேரம் வலி மறப்பதும் நிஜம். தோலை லேசாக எரிச்சலூட்டி ரத்த ஓட்டத்தை இழுக்கும் சங்கதி அது, மூட்டுக்குள் போய் எதையும் சரிசெய்வதில்லை. என் பாட்டிக்கு இது தெரிந்திருந்தது. “வலி போகாதுடா, வலி இருக்குங்கிறதக் கொஞ்சம் மறக்கலாம்” என்பாள். தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாவற்றையும் ஒரே லேபிளில் ஏற்றுவதுதான் எனக்கு உறுத்துகிறது. இப்போது நான் செய்வது இவ்வளவே: சின்ன பாட்டிலாக வாங்கி, மூடியை இறுக்கி, ஃபிரிட்ஜ் கதவில் வைக்கிறேன். தோலுக்கென்றால் பத்து மில்லி தேங்காயெண்ணெய்க்கு நாலு சொட்டு, அதுவும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு. குழந்தை இருக்கும் அறையில் வைப்பதில்லை. ஆஸ்துமாக்காரர் வீட்டில் ஆவி பிடிக்கச் சொல்வதில்லை. ஆறு மாதம் ஆனால் பழசு, தோலுக்குக் கிடையாது.

இன்னொன்று சொல்லவேண்டும். பாட்டி இதைக் கற்பூரத் தைலம் என்றாளே, அதில் கற்பூரம் துளியும் கிடையாது. நெடி கிட்டத்தட்ட அப்படி இருப்பதால் வந்த பெயராக இருக்கலாம். ஆனால் பெயர் உண்மையை முந்திக்கொண்டுவிட்டது. இன்று நாம் தட்டில் ஏற்றும் சூடம் பெரும்பாலும் ஆலைச் சரக்கு, அது டர்பென்டைனிலிருந்துதான் வருகிறது. பைனீனைக் கேம்ஃபீனாக்கி, அதை இன்னும் இரண்டு மூன்று படி மாற்றினால் கற்பூரம். நம் சீட் தைலத்தில் பைனீன் குறைவு என்பதால் ஆலைகள் வெளிநாட்டுத் தைலத்தையும் வாங்குகின்றன. இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது. அங்கே பால் கொடுக்கும் மெர்குசி பைனின் பூர்வீகம் சுமத்ரா மலைகள். அதே சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற துறைமுகம். அங்கே லோபு துவாவில் 1088-இல் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறது. பாருஸ் அந்தக் காலத்தில் எதற்குப் பேர்போனது என்றால், கற்பூரத்துக்கு. அது வேறு மரம், ஊசியிலை அல்ல, மரத்தை வெட்டிப் பிளந்து உள்ளே உறைந்ததைச் சுரண்டி எடுப்பார்கள். மரம் மாறிவிட்டது, சரக்கு வரும் திசை அவ்வளவாக மாறவில்லை.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் அவ்வளவு ஆச்சரியப்படவில்லை. பேத்தியின் சைக்கிள் மட்கார்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். ஆறாம் நம்பர் பிரஷ், சிவப்பு எனாமல், ‘யா’வின் சுழியைக் கை நடுங்காமல் இழுத்து முடித்தார். பிரஷ்ஷைக் கழுவ எதையோ தேடினார்.

அந்தப் பழைய பாட்டிலில் நாலைந்து மில்லி மிச்சமிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்து ஒரு கிண்ணத்தில் கவிழ்த்தார். “இழுபடுது, பழசு,” என்றார். பிரஷ்ஷை முக்கி, விரல் படாமல் பழந்துணியால் மயிரை நீவிவிட்டார். பாட்டிலை இறுக்க மூடி, லேபிளிலிருந்த பனி மலைக்கு மேலேயே மிச்ச சிவப்பில் ‘டர்பன்’ என்று எழுதி, பரணில் பெயிண்ட் டின்களோடு வைத்தார்.